குறை பார்க்கும் கண் பிறந்த கதை

மேகம் ஒரு துளிகூட ஒட்டாத நிலா தனக்குப் பிடிக்காது என்று ஜப்பானில் ஒரு தேநீர் ஆசான் சொல்லியிருக்கிறார். முரதா ஜுகோ என்று பெயர்; 1502-இல் காலமானவர். அவர் வாயிலிருந்து வந்ததைக் குறித்து வைத்தவர் கொம்பாரு ஜென்போ என்ற ஆட்டக்காரர். நோ எனப்படும் முகமூடி நாடகத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த குடும்பம் அவருடையது. தேநீர்க் குடிலில் பிறந்த ஒரு பேச்சு கூத்தாடி ஒருவரின் ஏட்டில் ஏறித்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

குறையில் அழகு காணும் இந்த ரசனைக்கு உலகம் முழுக்க வாபி-சாபி என்று பெயர். விரிசல் விட்ட கிண்ணத்தைப் பொன்தூள் கலந்த அரக்கால் ஒட்டவைத்த படம் எல்லார் கைபேசியிலும் சுற்றுகிறது. அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மேடையும் இருந்தது என்பதை அந்தப் படங்கள் சொல்வதில்லை. சேலம், ஓமலூர், மேச்சேரி, ஜலகண்டாபுரம், எடப்பாடி என்று நம் சமவெளியில் விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த மேடையின் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம்மில் படித்தவர்கள் கூத்தை வெகுகாலம் குறை சொல்லியே வந்தோம். இப்போது வேறொரு கூட்டம் வந்து, குறைதான் கூத்தின் அழகு என்று பாராட்டத் தொடங்கியிருக்கிறது. குறை சொன்னவர்களும் சரி, பாராட்டுகிறவர்களும் சரி, ஆட்டத்தை உற்றுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கதை ஜுகோவுக்கும் முந்தையது. 1330 வாக்கில் யோஷிதா கென்கோ என்ற துறவி மனதில் பட்டதையெல்லாம் துண்டு துண்டாக எழுதி வைத்தார். எதையும் முற்றாக முடித்துவிடக்கூடாது, விட்டுவைத்ததில்தான் உயிர் தங்கும் என்பது அவர் கட்சி. அரண்மனை கட்டுகிறவர்கள்கூட எங்காவது ஓரிடத்தை முடிக்காமல் விடுவது வழக்கம் என்கிறார். பூ மலர்ந்திருக்கும்போதும் நிலா தெளிந்திருக்கும்போதும் மட்டும்தான் பார்க்க வேண்டுமா என்றும் கேட்கிறார். உதிர்ந்த பூ கிடக்கும் முற்றத்தையும், மழைக்கு அப்பால் இருக்கும் நிலாவையும் மனம் நிரப்பிக்கொள்ளும் என்பது அவர் அனுபவம்.

இதை மேடையில் நிகழ்த்திக் காட்டியவர்கள் ஒரு தகப்பனும் மகனும். தகப்பன் கனாமி, மகன் ஸெயாமி. ஊர் ஊராகப் போய்க் கோயில் விழாக்களில் ஆடிப் பிழைத்த கூட்டம் அவர்களுடையது. 1374 வாக்கில் கியோட்டோவில் இவர்கள் ஆட்டத்தைப் பார்த்த ஷோகன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், யோஷிமித்சு மயங்கிப்போய் ஆதரவு கொடுத்தார். அரசவைக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. பிச்சைக்காரன் தொழில் செய்யும் ஒரு பையனை ஷோகன் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்கிறாரே என்று ஒரு பிரபு 1378-இல் தன் நாட்குறிப்பில் பொருமியிருக்கிறார். கூத்தாடி என்ற சொல்லை வசையாக வைத்திருக்கும் நமக்கு அந்தப் பொருமல் அந்நியமாகத் தோன்றாது.

1384-இல் கனாமிக்கு 52 வயது. சுருகா நாட்டில் ஒரு சன்னிதியில் அவர் ஆடியதுதான் கடைசி ஆட்டம். பிறகு இரண்டு வாரத்தில் இறந்துபோனார். அதற்குள் கனமான வேடங்களையெல்லாம் இளையவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். தனக்கென்று எளிய பகுதிகளை வைத்துக்கொண்டு, அவற்றையும் அடக்கி, சிக்கனமாக ஆடினாராம். பார்த்தவர்கள் இளையவர்களை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். இலை உதிர்ந்த கிழமரத்தில் பூ மட்டும் நின்றிருந்தது போலத் தெரிந்தது என்று மகன் பின்னால் எழுதினார். எனக்கு இந்த இடம் மிகவும் முக்கியம். உடம்பில் வலு குறைந்ததும் அதுவரை வலு மறைத்திருந்த ஒன்று கண்ணுக்குத் தெரிய வந்திருக்கிறது. குறை என்பது இங்கே ஒரு ஜன்னல் திறந்ததுபோல வேலை செய்கிறது.

ஸெயாமி 1400-இல் தொடங்கி ஆட்டக்கலை பற்றி நூல் நூலாக எழுதினார். மனம் பத்துப் பங்கு அசைந்தால் உடம்பு ஏழு பங்கு அசையட்டும் என்பது அவர் கணக்கு. மிச்சம் மூன்று பங்கைப் பார்க்கிறவர் போட்டுக்கொள்வார். ஒரு பாட்டு முடிந்து அடுத்த அசைவு தொடங்கும் முன், ஆட்டக்காரர் ஒன்றுமே செய்யாமல் நிற்கும் அந்தக் கண இடைவெளிதான் ஆட்டத்திலேயே ஈர்ப்பான இடம் என்றும் சொன்னார். வெளியே ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே மனம் பிடியை விடவில்லை. அந்தப் பிடி பார்க்கிறவர்களுக்குத் தானாகத் தெரியும் என்பது அவர் நம்பிக்கை.

1467-இல் ஓனின் போர் மூண்டு பத்து வருடம் கியோட்டோ எரிந்தது. அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்தான் ஜுகோ. சீனாவிலிருந்து வந்த பளபளப்பான கிண்ணங்களை அடுக்கி வைத்துத் தேநீர் விருந்து நடத்துவது அதுவரை பெருமையாக இருந்தது. ஜுகோ உள்ளூர் மண்பாண்டங்களைப் பக்கத்தில் வைத்தார். நூறு வருடம் கழித்து சென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசான் அதை அதன் எல்லைக்கே கொண்டுபோனார். இரண்டே பாய் அகலத்தில் குடில். குனிந்து தவழ்ந்து நுழைய வேண்டிய வாசல். சோஜிரோ என்ற கூரை ஓடு செய்கிற தொழிலாளியைக் கூப்பிட்டு, சக்கரம் இல்லாமல் கையாலேயே பிடித்த கிண்ணம். வாள் கட்டிய வீரனும் வாளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். ரிக்யூவின் எசமானரான ஆட்சியாளர் ஹிதேயோஷியோ தனக்கென்று தங்கத்தகடு போர்த்திய தேநீர் அறை ஒன்றைச் செய்துகொண்டார். 1591-இல் அவர் ஆணைப்படி ரிக்யூ தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு சாக நேர்ந்தது. அந்த ஹிதேயோஷிக்கு நோ பைத்தியமும் பிடித்திருந்தது. தானே வேடம் கட்டி ஆடினார். தன் வீரத்தையே நாடகமாக எழுதவைத்து அதிலும் ஆடினார்.

ஆக, தேநீர்க் குடிலும் நோ மேடையும் ஒரே காற்றைச் சுவாசித்து வளர்ந்தவை. ஆனால் ஸெயாமியின் ஏடுகள் குடும்பச் சொத்தாக, வெளியாள் கண்ணில் படாமல், ஐந்நூறு வருடம் பெட்டிக்குள் கிடந்தன. யோஷிதா தோகோ என்ற அறிஞர் 1909-இல் பதினாறு நூல்களை அச்சில் கொண்டுவந்த பிறகுதான் ஜப்பானியருக்கே அவரை முழுமையாகத் தெரிந்தது. அதற்கு மூன்று வருடம் முன்னால், கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு நெருங்கிப் பழகிப் போன ஒகாகுரா ககுஸோ, தேநீரைப் பற்றிய தன் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். முழுமை பெறாததை வணங்குவதுதான் தேநீர் நெறி என்ற அவர் கருத்து மேற்கே பரவியது. 1916-இல் கவிஞர் எஸ்ரா பவுண்டு நோ நாடகங்களின் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அதே வருடம் கவிஞர் யேட்ஸ் நோ பாணியில் ஒரு நாடகத்தை லண்டனில் ஒரு வீட்டுக் கூடத்தில் நடத்திக் காட்டினார். காட்சி ஜோடனை எதுவும் இல்லை. குறையைக் கொண்டு நாடகத்தை வாசிக்கிற பார்வை இப்படித்தான், தேநீர்ப் புத்தகமும் நோ ஏடும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்துக்குப் பிறந்தது.

நம் பக்கம் வருவோம்.

முழுமையைத் தேடும் மரபு நமக்கும் கெட்டியாக உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஏறிய அரங்கு விரல்கடை தப்பாமல் அளந்து போட்டது. இருபத்துநான்கு பெருவிரல் ஒரு கோல். அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். திரையே மூன்று விதம். தூணின் நிழல் எங்கே விழ வேண்டும் என்றுகூட இளங்கோ சொல்கிறார். நோ மேடையும் அப்படித்தான், சுமார் பதினெட்டு அடிச் சதுரம் என்று வரையறுத்த அளவு. குறையை ரசிக்கும் நாடகம் என்றதும் எல்லாம் ஏனோதானோ என்று இருக்கும் என எண்ணிவிடக்கூடாது. சட்டத்தை இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே வெற்றிடம் விடுகிறார்கள்.

நம் சமவெளியில் கூத்துக்களம் என்று தனியாக ஏது? மாரியம்மன் கோயில் முன்னால், ஏரிக்கரைப் பக்கம், அறுவடை முடிந்த காட்டில், எங்கே நாலு பேர் உட்கார இடம் இருக்கிறதோ அங்கே. சாக்கும் ஜமக்காளமும் கொண்டுவந்து சாயங்காலமே இடம் பிடித்துவிடுவார்கள். ஒரு பக்கம் பெஞ்சு போட்டுப் பெட்டிக்காரர், மிருதங்கக்காரர், முகவீணைக்காரர், தாளக்காரர். ஆர்மோனியத்துக்குத்தான் பெட்டி என்று பெயர். தீவட்டி போய் பெட்ரோமாக்ஸ் வந்தது, அது போய்க் குழல்விளக்கு, இப்போது எல்இடி. மைக் ஒன்று கம்பியில் தலைகீழாகத் தொங்கும். பேச வேண்டியவர் ராஜாவானாலும் மந்திரியானாலும் அதற்கடியில் வந்து நின்றுதான் பேச வேண்டும்.

இதே சேலத்தில்தான் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படப்பிடிப்பு நிலையத்தை நடத்தினார். 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன் அங்கே எடுக்கப்பட்டது. 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் அங்கிருந்து வந்தது. கண்டிப்புக்குப் பேர்போன இடம். ஒரு காட்சி சரியாக அமையவில்லை என்றால் மறுபடி எடுக்கலாம், மறுபடியும் எடுக்கலாம். ஏற்காடு சாலையில் அந்த நிலையத்தின் நுழைவு வளைவுக்குள்ளே குறை துடைத்த நடிப்பு உருவாகிக்கொண்டிருந்த அதே இரவுகளில், வெளியே கிராமங்களில் மறுபடி எடுக்கவே முடியாத நடிப்பு நடந்துகொண்டிருந்தது. சினிமா பார்த்துப் பழகிய கண் கூத்தில் என்ன பார்க்கும்? குரல் கம்மல், சாயம் போன சட்டை, தொப்பை தெரியும் துச்சாதனன். பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

அந்தக் கண்ணைத் தமிழில் திருப்பியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ந.முத்துசாமி. 1970-களில் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து அசந்துபோய் அவர் எழுதிய கட்டுரைகள் அன்று பூட்டிய வண்டி என்ற நூலாயின. 1977-இல் அவருடைய கூத்துப்பட்டறை நாடகக் குழுவும் வந்தது. காட்டான்களின் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றில் உலக நாடகத்துக்குப் பாடம் இருக்கிறது என்று ஒருவர் தமிழில் உரக்கச் சொன்னது அப்போதுதான். அது வடாற்காட்டுக் கூத்து. சேலம் பக்கத்துக் கூத்துக்கு அந்த வெளிச்சம் மெதுவாகத்தான் வந்தது. மேட்டூர் வட்டம் ஏர்வாடியில் இருந்துகொண்டு மணல்வீடு இதழ் நடத்தும் மு.ஹரிகிருஷ்ணன் இங்கத்திக் கூத்தர்களுக்காகக் களரி என்ற அமைப்பை வைத்து உழைத்து வருகிறார். அவர் கதைகளிலும் கூத்துக்காரர்களின் பேச்சும் வாழ்வும் அப்படியே இருக்கின்றன.

இனி அந்த ஜப்பானியக் கண்ணைக் கொண்டு நம் கூத்தில் ஓரிரண்டு இடத்தை உற்றுப் பார்ப்போம்.

முதலில் முகம். நோ முகமூடி ஆட்டக்காரர் முகத்தைவிடச் சிறியது. அழகிய இளம்பெண்ணின் வெண்முகத்துக்குக் கீழே அறுபது வயது ஆணின் தாடையும் தொங்கும் கழுத்துச் சதையும் தெரியும். பெரிய முகமூடி செய்யத் தெரியாமல் அப்படிச் செய்யவில்லை. பெண்ணும் தெரிய வேண்டும், பெண்ணை ஆடும் கிழவரும் தெரிய வேண்டும். நம் கூத்தில் பெண் வேசம் கட்டுகிறவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். அரிதாரமும் முத்துவெள்ளையும் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசி, புருவம் தீட்டி, செந்தூரம் வைத்து, கொண்டையில் பூ வைத்து முடித்தாயிற்று. அதிகாலை இரண்டு மணிக்குப் பூச்சுக்கு அடியிலிருந்து தாடி முளை நீலமாகத் தெரிய ஆரம்பிக்கும். வியர்வை காதோரம் கோடு கோடாக வழிந்த இடத்தில் சொந்தத் தோல் எட்டிப்பார்க்கும். துச்சாதனன் சேலையைப் பற்றுகிறபோது திரௌபதி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டால், அந்தக் கை தறியிழுத்துக் காப்புக் காய்ச்சிய கை. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்கள் சேலை முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். தாடி அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பகலில் அவரை டீக்கடையில் பார்த்தவர்கள்தான். ஓர் ஆண் தன் உடம்பைக் கொண்டே பெண்ணின் அவமானத்துக்குள் போய் நிற்கிறான் என்பதும் சேர்ந்துதான் அவர்களை அழவைக்கிறது என்று நான் நம்புகிறேன். முழுக்க மறைத்திருந்தால் இரண்டில் ஒன்று காணாமல் போயிருக்கும்.

இன்று நம் பகுதிக் கூத்தில் பெண்களே பெண் வேசம் கட்டுவதும் உண்டு. அது வேறொரு நாடகம்; அதற்கு வேறொரு பார்வை வேண்டும். இந்த அளவுகோலை அங்கே தூக்கிக்கொண்டு போகக்கூடாது.

அடுத்தது கர்ண மோட்சம். சாவு வீட்டுக் கருமாதிக்கும் இந்தக் கூத்தை வைக்கிற வழக்கம் வட மாவட்டங்களில் பரவலாக உண்டு. நாடகம் முழுக்க ஒரு குறையைச் சுற்றியே கட்டியது. கர்ணனுக்குப் பிறப்பில் குறை. பெண்டாட்டி பொன்னுருவி அவனைத் தேர்ப்பாகன் மகன் என்று ஏளனம் செய்கிறாள். கடைசி நாள் போருக்குப் போகிறவன் அவளிடம் விடைபெற வருகிறான். விருத்தம், பாட்டு, வசனம், தர்க்கம் என்று அந்தக் காட்சி மட்டுமே வெகுநேரம் ஓடும்.

ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கிய குரல் அதற்குள் கட்டிவிட்டிருக்கும். மேல் சுருதிக்குப் போகிற இடத்தில் கர்ணனுக்குச் சத்தம் வராது. காற்று மட்டும் வரும். பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியை அவர் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு பாடி முடிப்பார்கள். அவர் நிற்பார். தோளில் புஜக்கட்டை, மார்பில் கண்ணாடிச் சில்லு பதித்த பதக்கம், தலையில் கிரீடம், காலில் சலங்கை. இவ்வளவு சுமையோடு கிறுக்கி சுற்றிவிட்டு வந்தவர் மூச்சு வாங்க நிற்கிறார். சாகப்போகிற ஒரு ராஜாவின் மூச்சா, கூலிக்கு ஆடுகிற மனிதனின் மூச்சா என்று பிரிக்க முடியாத ஒரு கணம் அது. ஸெயாமி சொன்ன, ஒன்றும் செய்யாத இடைவெளி இங்கே இருக்கிறது. நல்ல ஆட்டக்காரர் அந்த நேரத்தில் பார்வையைத் தளரவிட மாட்டார். தெரியாதவர் பெட்டிக்காரரிடம் திரும்பிச் சோடா கேட்பார். இருவருக்கும் குரல் போனது ஒன்றுதான். முன்னவரிடம் கலை நடக்கிறது, பின்னவரிடம் வெறும் குரல் கம்மல்தான் மிஞ்சுகிறது.

தேர்ச்சக்கரம் புதையும் காட்சியில் தேரும் இல்லை, சக்கரமும் இல்லை. குனிகிறார், இரண்டு கையாலும் எதையோ பற்றுகிறார், தூக்குகிறார், முடியவில்லை. கிழக்கே வெளுக்கும் நேரத்தில் கர்ணன் விழுகிறான். சூரியன் மகன் சாகிறபோது சூரியனே வந்துவிடுகிற இந்த ஏற்பாட்டை எந்த விளக்கமைப்பாளரும் செய்துவிட முடியாது. வெளிச்சம் வந்ததும் விளக்கு மறைத்து வைத்திருந்ததெல்லாம் தெரியும்: திட்டுத் திட்டாகக் கலைந்த பூச்சு, ஜிகினாத் தாள் கிழிந்து மரம் தெரியும் கிரீடம், தூசி.

அச்சில் இருக்கும் கூத்து நூல்களை வாசிப்பவர்களுக்கும் இந்தக் கண் உதவும். சென்னை பி.இரத்தின நாயகர் போன்றோர் பெரிய எழுத்தில் போட்ட நாடகப் புத்தகங்களைப் புரட்டினால் இதுவா இலக்கியம் என்று தோன்றும். சொன்னதையே விருத்தத்திலும் பிறகு பாட்டிலும் பிறகு வசனத்திலும் சொல்கிறார்கள். எழுத்துப்பிழை மலிந்து கிடக்கிறது. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் பள்ளம். ஆனால் அந்தப் பள்ளத்தில்தான் அடவு இருக்கிறது, முகவீணை இருக்கிறது, கோமாளி உள்ளே வந்து ஊர் நியாயம் பேசும் அரைமணி நேரம் இருக்கிறது. நோ நாடகப் பிரதிகளும் சில பக்கங்களுக்கு மேல் போகாதவை; மேடையிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். நூலைப் படித்துவிட்டுக் கூத்து மட்டம் என்று தீர்ப்பு எழுதிய பேராசிரியர்கள் அடவும் பாட்டும் இல்லாத வெறும் ஏட்டுக்குத்தான் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

ஒத்திகை விஷயமும் அப்படியே. நோவில் முழு ஒத்திகை என்று ஒன்று வழக்கமில்லை. நாயகனும் துணைப்பாத்திரமும் மேளக்காரர்களும் வெவ்வேறு குருகுலத்தார். ஆட்டத்துக்கு முன் ஒருமுறை சேர்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். பழகிப் பழகி ஒட்டிப்போன பிசிறின்மை மேடையில் வந்துவிடக்கூடாது என்பது எண்ணம். நம் கூத்திலும் பலர் வெவ்வேறு ஊர்க்காரர்கள். சாயங்காலம் வேசம் கட்டும் இடத்தில்தான் பார்த்துக்கொள்வார்கள். எதிராளி எந்தத் தர்க்கத்தை எடுப்பார் என்பது களத்தில்தான் தெரியும். பதில் அங்கேயே வர வேண்டும். தடுமாறினால் வாத்தியார் பின்னாலிருந்து அடி எடுத்துக் கொடுப்பார்.

எல்லாவற்றுக்கும் ஜப்பானியக் கண் போதும் என்று சொல்ல வரவில்லை. கர்ணன் கண்ணீரோடு நிற்கும்போது கோமாளி குறுக்கே வந்து, தெற்குத் தெருக்காரர் ஐம்பது ரூபாய் அன்பளிப்பு என்று மைக்கில் சொல்லி, கொடுத்தவர் குலம் தழைக்க வாழ்த்துப் பாடுவார். கர்ணனும் சேர்ந்து பாடிவிட்டு, விட்ட கண்ணீரை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். தேநீர்க் குடிலின் மௌனத்தில் பிறந்த ரசனைக்கு இது எட்டாது. நோ நாடகத்துக்கு நடுவிலும் கியோகென் என்ற சிரிப்பு நடிகர்கள் வருவதுண்டு, ஆனால் பார்க்கிறவர் பெயரைச் சொல்லி வாழ்த்த மாட்டார்கள். கூத்து ஊருக்குச் சொந்தம். ஊர்க்காரர் பெயர் உள்ளே நுழைவது அதற்கு இடைஞ்சல் ஆகாது. இதை விளங்கிக்கொள்ள நமக்கு நம் திருவிழாவே போதும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் சமவெளியில் குறை என்றால் காசு போச்சு என்று பொருள். ஜவ்வரிசி வெண்மை குறைந்தால் விலை இறங்குகிறது. அந்த வெண்மைக்காக ரசாயனம் போட்டு வெளுக்கிறார்கள் என்று வழக்குப் போடும் அளவுக்குப் போயிருக்கிறது. நாமக்கல் பண்ணையில் கீறல் விழுந்த முட்டை தனியாக ஒதுங்குகிறது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் எடப்பாடியிலும் துணியில் இழை விட்டிருந்தால் கூலியில் பிடிக்கிறார்கள். பகலெல்லாம் குறையே வரக்கூடாது என்று வேலை செய்கிற கைகள்தான் ராத்திரி கூத்துக் கட்டுகின்றன, கூத்தும் பார்க்கின்றன. இவர்களிடம் போய் குறையே அழகு என்று பேசுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு கிண்ணமே சாட்சி. ஜப்பானின் தேநீர்க் கிண்ணங்களில் உச்சியில் வைத்துப் போற்றப்படும் ஒன்றுக்கு ‘கிஸாஎமோன் இதோ’ என்று பெயர். தேசியப் பொக்கிஷம். கியோட்டோவில் தைதோகுஜி மடத்தைச் சேர்ந்த கோஹோஅன் கோயிலில் இருக்கிறது. 1931-இல் அதைக் கையில் எடுத்துப் பார்த்த யனாகி சோயெத்சு என்ற அறிஞர், இது கொரியாவில் ஏழைகள் அன்றாடம் புழங்கச் செய்த சாதாரணக் கிண்ணம் என்று எழுதினார். செய்தவர் பெயர் தெரியாது. அழகு செய்கிறோம் என்று அவர் நினைத்திருக்கவும் மாட்டார். யனாகி அதைப் பாராட்டாகத்தான் எழுதினார், நானும் மதிக்கிறேன். ஆனால் 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷியின் படைகள் கொரியாவைச் சூறையாடி, குயவர்களைச் சிறைபிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தன என்பதும் அதே கிண்ணங்களின் கதைதான். ரிக்யூ சக்காய் துறைமுகத்தில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். எளிமையை அவர் தேர்ந்துகொண்டார். கொரியக் குயவருக்குத் தேர்வு ஏது?

நம் கூத்துக்காரர்களுக்கும் அப்படித்தான். கிரீடத்தில் ஜிகினா கிழிந்திருப்பது அவர் ரசனையால் அல்ல; புதுத் தாள் ஒட்டக் காசில்லை. குரல் கட்டிப்போனதற்குப் பாதிக் காரணம் விடிய விடிய ஆட்டம். மீதி, முந்தின நாள் பகலில் கட்டட வேலைக்குப் போனது. ஒரு ராத்திரிக்குப் பேசிய தொகையைப் பத்துப் பன்னிரண்டு பேர் பங்கிட்டு, வேன் வாடகையும் கழித்தால் கையில் நிற்பது சொற்பம். நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக அரசு உதவித்தொகை தருகிறது. அதை வாங்க விண்ணப்பம் எழுதித் தரவும் ஆள் வேண்டும். நகரத்திலிருந்து கேமராவோடு வருகிறவர் அந்தக் கிழிந்த ஜிகினாவைப் படம் எடுத்து, என்ன அழகு என்று போடுகிறார். புதுக் கிரீடம் செய்து கொடுத்தால் கூத்தின் உயிர் போய்விடும் என்று அவருக்குக் கவலை. கூத்துக்காரரைக் கேட்டால் ஒரே நாளில் பழைய கிரீடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைத் தலையில் வைத்துக்கொள்வார். அவர் செய்வதுதான் சரி. கிரீடம் மின்னினாலும் பூச்சுக்கு அடியில் தாடை தெரியத்தான் போகிறது, மூன்று மணிக்கு மூச்சு வாங்கத்தான் போகிறது, இல்லாத சக்கரத்தைத் தூக்கத்தான் வேண்டும். கலையாக இருக்கும் குறை வசதி வந்தாலும் போகாது. வசதி வந்ததும் போய்விடுகிற குறையைக் கலை என்று சொல்லி அவர்கள் தலையில் கட்டக்கூடாது.

கூத்துக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டாலே இந்த வித்தியாசம் தெரியும். களை கட்டுச்சு என்பார்கள், எடுபடலே என்பார்கள். குரல் போனதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. வசனம் மறந்ததை மன்னித்துவிடுவார்கள். சேலை அவிழ்ந்து, கொண்டை சரிந்து, சலங்கை அறுந்து போனதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். தாளம் விட்டால் மட்டும் விடமாட்டார்கள். அடவு மாறும் இடத்தில் அரைக் கணம் பிந்தினால் மிருதங்கக்காரர் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். ஆட்டம் முடிந்து முகத்தை எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது வாத்தியார் வந்து நிற்பார். எத்தனை வயதான ஆட்டக்காரராக இருந்தாலும் அந்த இடத்தைச் சொல்லி, அங்கேயே காலைத் தட்டிப் போட்டுக் காட்டச் சொல்வார். அவரும் பாதி துடைத்த முகத்தோடு எழுந்து நின்று போட்டுக் காட்டுவார்.